காரைக்கால்மேட்டுக் கல்லில் தூண்டில் போட வரும் தம்பிகளுக்கு

ராடு வாங்கியாயிற்று, ரீல் வாங்கியாயிற்று, பிளாஸ்டிக் தவளையும் மினுங்கும் தகர மீனும் பெட்டி நிறைய அடுக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பைக்கில் கிளம்பி, அரசலாறு கடலில் விழுகிற இடத்துக் கல்லில் வந்து நிற்கிறீர்கள். வாருங்கள் தம்பிகளே. கடலுக்குப் பட்டா வைத்திருப்பவர் யாரும் இல்லை. தூண்டில் மேல் ஆசைப்படுவதும் தப்பில்லை. டெல்டாவில் பிறந்த பிள்ளை மூங்கில் குச்சியில் நரம்பைக் கட்டி வாய்க்காலில் கெண்டை பிடிக்காமல் வளர்ந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் நீங்கள் கிளம்பிப் போன பிறகு அந்தக் கல்லில் என்ன கிடக்கிறது என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா?

சுருள் சுருளாக அறுந்த தங்கூசி நரம்பு. இடுக்கில் மாட்டி, இழுத்துப் பார்த்து அலுத்து, நீங்கள் வெட்டிவிட்ட முள். வயிறு உப்பி வெயிலில் காயும் பேத்தை. வேண்டாத மீன் என்று தூக்கியெறிந்த கெளுத்தி, முதுகு முள்ளை மேலே நீட்டிக்கொண்டு. அந்த வழியில் வெறுங்காலோடு நடப்பவர்கள் காரைக்கால்மேட்டுப் பெண்களும் பிள்ளைகளும். கருவாடு காயவைக்கும் இடத்தில் பைக்கை நிறுத்துகிறீர்கள். படம் எடுப்பதற்காகச் செருப்புக் காலோடு படகில் ஏறுகிறீர்கள். இந்தக் கரையில் படகு சாமிக்குச் சமம்; அதில் செருப்போடு கால் வைப்பதில்லை. யாரும் சத்தம் போடவில்லை என்பதால் யாருக்கும் மனம் வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கடலிடம் பறிகொடுத்த ஊர் இது. பறிகொடுத்துவிட்டு, மறுபடி அதே கடலில் படகைத் தள்ளியவர்களின் ஊர். அலை நிறம் மாறுவதைப் பார்த்து நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள், கொண்டலுக்கும் வாடைக்கும் கச்சானுக்கும் எந்த மீன் கரையேறும் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், நீங்கள் நிற்கும் கல்லுக்குப் பத்தடி தள்ளிக் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களோ அவர்களை விட்டுவிட்டுக் கைப்பேசியிடம் கேட்கிறீர்கள். கைப்பேசியில் பேசுகிறவர் தாய்லாந்தின் கட்டண ஏரியில் நின்றுகொண்டு பேசுகிறார். அவர் சொல்வது அங்கே சரி.

சொல்ல வந்த குறை அதுதான். நீங்கள் மீன் பிடிப்பது குறை இல்லை. கற்றுக்கொள்ளாமல் பிடிப்பது குறை. இங்கே நடக்கும் கேட்டில் பெரும்பங்கு பேராசையால் வந்ததன்று, அறியாமையால் வந்தது. அதனால்தான் இந்த மடல் உங்களைத் திட்டுவதற்கு முன், மீனைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறது.

உங்களில் பாதிப்பேர் தேடி வருவது களவாவை. கறுத்த பழுப்பு உடம்பு, அகன்ற வாய், கல்லோடு கல்லாகக் கிடக்கும் மீன். இது கடலை அளந்து திரியும் மீன் இல்லை. ஓர் இடுக்கைப் பிடித்துக்கொண்டு, வாசலில் வருவதை வாயைத் திறந்து ஒரே உறிஞ்சில் உள்ளே இழுத்துக்கொண்டு, பின்வாங்கிப் பொந்துக்குள் போய்விடும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கல்லின் மேல் நின்று, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து, அறுபது மீட்டர் தாண்டித் திறந்த கடலில் வீசுகிறீர்கள். மீன் உங்கள் காலடியில் கிடக்கிறது.

கைத்தூண்டில் பெரியவர்களைக் கவனியுங்கள். அவர்கள் வீசுவதே இல்லை. கல்லை ஒட்டி நேராக இறக்குகிறார்கள். ஈயம் அடியைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கிப் பிடிக்கிறார்கள். இரைக்குச் சிறு நண்டு, இறால், ஒரு துண்டு கணவாய். நரம்பு ஆட்காட்டி விரலின் மேல் ஓடுகிறது. கண் வேறெங்கோ இருந்தாலும் விரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. சின்ன மீன் வந்து கொறிப்பது வேறு, களவா வாங்குவது வேறு. கொறித்தால் படபடவென்று தட்டும். களவா வாங்கினால் நரம்பு கனத்துப்போகும், அவ்வளவுதான். அந்தக் கணத்தில் விட்டுக்கொடுக்காமல் இரண்டு மூன்று முழம் மேலே ஏற்றியாக வேண்டும். தவறினால் பொந்துக்குள் போய்ச் செவுளையும் துடுப்பையும் விரித்து அடைத்துக்கொள்ளும்; அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது.

அப்படி அடைத்துக்கொண்டால் உங்கள் வழக்கம், ராடு வளைய வளைய இழுத்து அறுப்பது. பெரியவர்களின் வழக்கம், நரம்பைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருப்பது. இழுவை நின்றுவிட்டது என்று நம்பி மீன் தானே வெளியே வரும். சில நிமிஷம் ஆகலாம். ஒரு பீடி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பீடி கட்டாயமில்லை). ஏரி மீனுக்கு வாங்கிய மெல்லிய நரம்பு இந்தச் சிப்பி ஒட்டிய கல்லில் ஒரு உரசலுக்குத் தாங்காது. அறுந்தால் உங்களுக்குப் போவது நூறு ரூபாய்ச் சாமான். அந்த மீனுக்கோ வாயில் முள், முள்ளிலிருந்து நரம்பு, நரம்பு கல்லில் சிக்கி, அதே பொந்தில் பட்டினிச் சாவு. பிடிக்கத் தெரியாதவன் பிடிக்கத் தெரிந்தவனைவிட அதிக மீனைக் கொல்கிறான் என்பது இந்தக் கல்லில் வாராவாரம் நடக்கிற கணக்கு.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் கல்லிடுக்கில் வாழும் ஒரு மீன் இருக்கிறது. டாடாக் என்பது பெயர். தூண்டில்காரர்கள் கறுப்பு மீன் என்றே சொல்கிறார்கள். நம் களவாவுக்குச் சொந்தமில்லை, ஆனால் குணம் ஒன்று. நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும், இருந்த கல்லை விட்டு அதிகம் நகராது, மெதுவாக வளரும், முப்பது வயதைத் தாண்டியும் வாழும். இடம் மாறாத மீன் என்பதால் அதைப் பிடித்துத் தீர்ப்பதும் எளிது. பிடித்துத் தீர்க்கவும் செய்தார்கள். இன்று அங்கே பல மாநிலங்களில் 16 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுத்துப்போக முடியாது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு மீனின் செவுள் மூடியிலும் அடையாளத் தகடு மாட்டியிருக்க வேண்டும். ஒரு மீன் ஒரு கல்லில்தான் இருக்கும் என்பதைச் சட்டம் புரிந்துகொள்வதற்குள் எத்தனையோ கல் காலியாகிவிட்டது.

நம் பக்கத்தில் கேரளம் 2015-இல் தொடங்கி, இன்ன மீனை இன்ன நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று அளவு வகுத்தது. அந்தப் பட்டியல் இப்போது 58 இனங்களுக்கு நீள்கிறது. நீங்கள் நிற்கும் கல்லிலோ அளவுகோலோடு யாரும் வந்து நிற்பதில்லை. ஆகவே அளவுகோல் உங்கள் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

களவா பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. நம் கடலில் கிடைக்கும் ஆரஞ்சுப் புள்ளிக் களவா 25, 30 சென்டிமீட்டர் வந்த பிறகே முட்டை வைக்கும் பருவத்தை எட்டுகிறது. இன்னும் வளர்ந்து 55-லிருந்து 75 சென்டிமீட்டருக்குள் ஆணாக மாறுகிறது. அதாவது நீங்கள் 'கொழம்புக்கு ஆகும்' என்று பையில் போடுகிற சாண் நீளக் களவா, ஒருமுறைகூட முட்டையிடாத குமரி. நீங்கள் நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய களவா, அந்தக் கல்லுக்கு இருந்த ஒரே ஆணாக இருக்கலாம்.

கொடுவாவின் கதை நேர்மாறு. அது ஆணாகப் பருவமடைந்து, ஆறேழு வயதில் பெண்ணாகிறது. பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய். ஒரு தாயின் வயிற்றில் பல லட்சம் முட்டை. முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் முட்டையிடும், குஞ்சுகள் ஆற்றுக்குள்ளும் உப்பங்கழிக்குள்ளும் ஏறி வளரும், வளர்ந்தவை மறுபடி இறங்கும். அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இருக்கும் ஒரே வாசலில்தான் நீங்கள் வரிசையாக நிற்கிறீர்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல்தான் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் வித்தையை இந்தியாவில் முதன்முதலாகக் கைவசப்படுத்தியது. அதற்கும் முதல் தேவை நல்ல தாய் மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பாரமண்டி என்று கொண்டாடப்படும் இதே கொடுவாவை 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் எடுக்கக் கூடாது, 120-ஐத் தாண்டினாலும் எடுக்கக் கூடாது. சின்னதை விடச் சொல்லும் சட்டம் பல ஊரில் உண்டு. பெரியதையும் விடச் சொல்லுமளவுக்கு மீனைப் படித்த சட்டம் அது.

கல்லில் ஒன்றும் மாட்டாத நாளில் நீங்கள் நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்துக் குளங்களுக்குத் திரும்புகிறீர்கள், விரால் தேடி. கெண்டையைப் போட்டு விராலை இழுத்தது அந்தக் காலம். இப்போது ரப்பர் தவளை. மழை விழுந்து குளம் நிறைந்ததும் தண்ணீர் மேல் செந்நிறமாக ஒரு கூட்டம் கொதிப்பது போல் நகரும். விரால் பார்ப்பு. அதன் அடியிலேயே பெற்றோர் காவல் சுற்றும். கிட்டே எது வந்தாலும் பாயும். பசியில் பாய்வதில்லை, பிள்ளையைக் காக்கப் பாய்கிறது. பார்ப்புக்கு நடுவே தவளையைப் போட்டால் விரால் நிச்சயம் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிச்சயம்தான். தாயை மேலே தூக்கிய அந்த நிமிஷம் கெளுத்தியும் சிலேபியும் கொக்கும் பார்ப்பை மொய்க்கும். இதை வீரம் என்று படம் போடுவதைப் பார்க்கும்போது, தொட்டில் அருகே நிற்பவளை அடித்துவிட்டு வந்து பெருமை பேசுபவன்தான் நினைவுக்கு வருகிறான். கடுமையான சொல்தான். இருக்கட்டும்.

உங்கள் பதில் தெரியும். 'ஒரு விசைப்படகு ஒரு இழுப்பில் அள்ளுவதை நாங்கள் ஆயுசு முழுக்கப் பிடிக்க முடியாதே, எங்களை ஏன் கேட்கிறீர்கள்?' நியாயமான கேள்வி. விசைப்படகையும் கேட்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அது கடலுக்குப் போகக் கூடாது; முன்பு 45 நாளாக இருந்தது 2017-இல் 61 ஆயிற்று. சுருக்குமடி வலை வேண்டும், வேண்டாம் என்று இந்தக் கரையில் ஊருக்கு ஊர் சண்டை வந்து வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது. அந்த வழக்கு பெரிய வழக்கு. அது தனியே நடக்கட்டும். ஆனால் இழுவைமடி கல்லுக்குள் வராது, வந்தால் கிழியும். கல் மீனுக்கு மடி பயமில்லை. கல் மீனின் பயம் தூண்டில் மட்டும்தான். அந்தத் தூண்டிலில் வயிற்றுக்காகப் போடுவது சில, பொழுதுக்காகப் போடுவது பல. தடைக்காலத்து 61 நாளில் துறைமுகத்தில் படகெல்லாம் கட்டிக்கிடக்க, குடும்பங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் 'இப்போ போட்டி கம்மி' என்று கூட்டமாக வருவது எப்படித் தெரிகிறது என்று அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உங்களைத் தடுக்கச் சட்டம் இல்லைதான்.

நாகப்பட்டினம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே நுழைப்பாடி என்ற குப்பத்தில் இருந்தவர் அதிபத்தர். அறுபத்துமூவரில் ஒருவராகச் சேக்கிழார் பாடிய பரதவர். அன்றாடம் கிடைக்கும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதையே விட்டார். பசியில் உடம்பு மெலிந்தபோதும் விட்டார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது, அதையும் விட்டார். இன்றும் ஆவணி ஆயில்யத்தில் நாகை மீனவர்கள் கடலுக்குப் போய் அந்தப் பொன்மீனை விடும் விழாவை நடத்துகிறார்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுவது ஏதோ வெள்ளைக்காரன் விளையாட்டு என்று உங்களில் சிலர் சிரிக்கிறீர்களே, அதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிபத்தர் விட்டது சின்னதாக இருக்கிறது, முள்ளாக இருக்கிறது என்று கழித்த மீனை இல்லை. இருந்ததில் நல்லதை.

விடுவதையும் பழகித்தான் விட வேண்டும். காய்ந்த கையால் பிடித்தால் மீன் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோகும், பிறகு புண் பிடிக்கும், கையை நனைத்துக்கொள்ளுங்கள். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் ஒரு திருகலில் கழன்று வரும்; அதனால் தப்பிப்போகும் மீன் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. விழுங்கிவிட்ட முள்ளைக் குடலோடு பிடுங்காதீர்கள். நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் தண்ணீர் சாதுவாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வெளியே தள்ள, கடல் உள்ளே அடிக்க, முகத்துவாரம் சுழலும். பாசிக் கல்லில் அப்போது நிற்பது வேண்டாம். கெளுத்தி, ஓரா, திருக்கை இவற்றின் முள் ஏறினால் மஞ்சளைத் தேடி ஓடாதீர்கள். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையையோ காலையோ முக்கி வையுங்கள், அந்த விஷம் சூட்டுக்கு உடையும். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேத்தையை யார் என்ன சொன்னாலும் தின்னாதீர்கள். பிடித்தால் உடனே தண்ணீரில் விடுங்கள், கல்லில் வீசாதீர்கள்.

இனிக் கேட்பது. முதல் மூன்று மாதம் ராடை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கைத்தூண்டில், இரண்டு முள், ஒரு ஈயக்குண்டு போதும். கல்லில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் போய், 'ஐயா, உட்காரலாமா' என்று கேட்டு உட்காருங்கள். விரல் கேட்கப் பழகுங்கள். ஒரு முழத்துக்குக் குறைந்த களவாவையும், தூக்கக் கை வலிக்கிற கொடுவாவையும், பார்ப்போடு நிற்கும் விராலையும் விட்டுவிடுங்கள். நீங்கள் அறுத்த நரம்பை மட்டுமன்று, அடுத்தவர் அறுத்ததையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் மணல் இது, அதன் கழுத்துக்கும் அந்தத் தங்கூசி போதும். வாங்கத் தேவையென்றால் மீனைத் துறைமுக வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிகிறது. இரண்டு மாதமாகக் கட்டிக்கிடந்த படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் குறுகிய முகத்துவாரத்தில்தான் வெளியேறும். அன்று ராத்திரி கல்லுக்கு வாருங்கள், பாருங்கள், கை அசையுங்கள். உங்கள் தூண்டில் ஒன்றுகூடத் தண்ணீரில் இருக்க வேண்டாம்.